வீட்டிலேயே தையல்: மிஷினையும் துணியையும் அறிந்து தைப்போம்



"ஆள் பாதி, ஆடை பாதி" என்பார்கள். அந்த ஆடைப் பாதிக்கு நம் வீடுகளில் ஆகும் செலவையும், அதற்காகத் தையற்கடைக்கு நடக்கும் நடையையும் குடும்பத் தலைவிகள் நன்கு அறிவார்கள். டிப்போ வேலைக்காகவும், ரயில்வேப் பணிக்காகவும், பிம்ப்ரி–சிஞ்ச்வட் தொழிற்சாலைகளுக்காகவும் தேஹு ரோடு பகுதிக்கு வந்து குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களில் தையல் மிஷின் இல்லாத வீடு குறைவு. பலருக்கு அது கல்யாணச் சீராக வந்தது. ஆனால் இன்று அந்த மிஷின் மேல் பூப்போட்ட துணியை விரித்து டி.வி. வைத்திருக்கிறோம், அல்லது இஸ்திரிக்குப் போக வேண்டிய துணிகளை அடுக்கி வைத்திருக்கிறோம்.

இவ்வூர்த் தையற்காரர்கள் கைதேர்ந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. மராத்தியச் சிறுமிகள் அணியும் பர்கர் போல்கா நம் பாவாடை சட்டைக்கு உடன்பிறப்பு போன்றது. அதை அவர்கள் அழகாகத் தைப்பார்கள். ஆனால் பண்டிகை நெருங்கினால் கடைகளில் துணி மலையாகக் குவிந்துவிடும். பொங்கலுக்கென்று கொடுத்த பாவாடை தை பிறந்து பத்து நாள் கழித்து வருவதும் உண்டு. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது சீருடைக்கும் அதே நிலைதான். குழந்தை வளர்வதற்கேற்ப ஓராண்டில் ஒருமுறையாவது பாவாடையை இறக்கியும், சட்டையைப் பிரித்தும் கொடுக்க வேண்டியிருக்கிறது. இவ்வளவு சிறிய வேலையைக் கடையில் ஏற்றுக்கொள்வதும் அரிது. ஆகவே நல்ல துணிகள் "சின்னதாகிவிட்டது" என்று மூட்டை கட்டப்படுகின்றன.

நான் டிப்ளமோ படித்து ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். தையற்கலைப் பட்டம் எதுவும் என்னிடம் இல்லை. எங்கள் வீட்டில் வெட்டுவது இல்லாள்; மிஷினைப் பராமரிப்பதும் கணக்குப் போடுவதும் நான். இந்தக் கூட்டு முயற்சியில் அறிந்தவற்றை இங்கே பாடமாகத் தருகிறேன். மிஷினுக்கு ஆண் பெண் பேதம் கிடையாது என்பதால் சகோதரிகளோடு சகோதரர்களும், மகள்களோடு மகன்களும் இதைப் படிக்க வேண்டுகிறேன்.

1. மிஷின் எப்படித் தைக்கிறது?

இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கோளாறு நீங்கிவிடும்.

பிரான்ஸ் நாட்டுத் தையற்காரரான திமோனியே என்பவர் 1830-ல் ஒரு தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். தங்கள் பிழைப்பு போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் அவருடைய பட்டறையில் புகுந்து இயந்திரங்களை உடைத்தார்கள் என்பது வரலாறு. அது போட்டது ஒற்றை நூல் சங்கிலித் தையல். அரிசி மூட்டையின் வாயில் போட்டிருப்பதும் இதே தையல்தான். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் மூட்டை முழுவதும் சரசரவென்று அவிழ்ந்துவிடும். மூட்டைக்கு அது வசதி, உடுப்புக்கு ஆபத்து.

இந்தக் குறையை நீக்கியது இரண்டு நூல்களைக் கொண்டு போடும் பூட்டுத் தையல். ஊசியின் காதை முனைக்கு அருகில் வைத்து, கீழே ஒரு ஷட்டிலும் கொண்ட இயந்திரத்துக்கு அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846-ல் காப்புரிமை பெற்றார். ஐசக் சிங்கர் 1851-ல் தம் மிஷினுக்குக் காப்புரிமை பெற்று அதை வீடு வீடாகப் பரப்பினார். இயந்திரங்களைப் பற்றிக் கடுமையாக விமர்சித்த காந்தியடிகளே 1924-ல் சிங்கர் தையல் மிஷினுக்கு மட்டும் விலக்கு அளித்தார். கையால் தைத்து அலுத்த மனைவியின் சிரமத்தைக் குறைக்கும் அன்பிலிருந்து அது பிறந்தது என்பது அவர் கூறிய காரணம். நம் நாட்டில் 1930-களில் கல்கத்தாவின் ஜே இன்ஜினியரிங் ஒர்க்ஸ் உஷா மிஷின்களை உருவாக்கத் தொடங்கியது. நம் வீடுகளில் இருக்கும் கறுப்பு மிஷின்களில் பல அந்தப் பெயர் தாங்கியவை.

இனி, தையல் விழும் முறையைப் பாருங்கள். ஊசி மேல் நூலுடன் துணியைத் துளைத்துக் கீழே இறங்குகிறது. அடிமட்டத்தைத் தொட்டுவிட்டுச் சுமார் 2 மில்லிமீட்டர் மேலே எழும்பும்போது நூல் துணியில் உரசி நிற்பதால் ஊசியின் பின்புறம் ஒரு சிறு வளையம் உண்டாகிறது. அந்தக் கணத்தில் ஷட்டிலின் கூரிய முனை வந்து வளையத்தைப் பிடித்து, பாபினைச் சுற்றி அழைத்துச் செல்கிறது. மேல் நூலும் கீழ் நூலும் இப்படிப் பின்னிக்கொள்கின்றன. பிறகு மேலே ஏறி இறங்கும் நெம்புகோல் நூலைச் சுண்டி இழுத்து முடிச்சைத் துணியின் நடுவில் நிறுத்துகிறது. அடுத்து அடியிலுள்ள பற்கள் துணியை ஒரு தையல் தூரம் நகர்த்துகின்றன.

இதிலிருந்து மூன்று விதிகள் பிறக்கின்றன. துணியை நகர்த்துவது பற்களின் வேலை. நாம் இழுத்தால் ஊசி வளையும், தையல் தவறும். கைச்சக்கரம் எப்போதும் நம்மை நோக்கியே சுழல வேண்டும். பெடலை எதிர்த்திசையில் மிதித்தால் நூல் சிக்கி அறும். தைத்து முடித்துத் துணியை எடுக்கும்போது நெம்புகோல் உச்சியில் இருக்க வேண்டும். இல்லையேல் அடுத்த தையலின்போது ஊசியிலிருந்து நூல் நழுவிவிடும்.

2. ஊசியும் நூலும்

ஊசிப் பொட்டலத்தில் 90/14 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் ஊசியின் பருமன். அதை நூறால் வகுத்தால் மில்லிமீட்டர் கிடைக்கும்; 90 என்றால் 0.90 மில்லிமீட்டர். இரண்டாவது எண் பழைய கணக்கு. கடையில் "பதினாலாம் நம்பர்" என்று கேட்பது இதைத்தான்.

மெல்லிய பட்டு, வாயில் துணிகளுக்கு 9 அல்லது 11. ரவிக்கைக்கான ரூபியா, பாப்ளின் வகைகளுக்கு 11 அல்லது 14. பள்ளிச் சீருடைத் துணிக்கு 14. ஜீன்ஸ், கித்தான் பை, கனத்த திரைச்சீலைக்கு 16 அல்லது 18. பனியன் போன்ற பின்னல் துணிக்கு முனை மழுங்கிய பால் பாயிண்ட் ஊசி வேண்டும். சாதாரண ஊசி பின்னல் கண்ணியை அறுத்து ஓட்டை போட்டுவிடும்.

ஊசியின் ஒரு பக்கத்தில் நீளமான காடி ஓடுவதை நகத்தால் தடவி அறியலாம். நூலை அந்தக் காடியுள்ள பக்கத்திலிருந்துதான் கோர்க்க வேண்டும். மறுபக்கம் ஷட்டிலை நோக்கி இருக்க வேண்டும். "புது ஊசி போட்டேன், தையலே விழவில்லை" என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஊசியைக் கடைசி வரை மேலே தள்ளியபின் திருகை இறுக்குங்கள். துணி மீது "டப் டப்" என்று சத்தம் கேட்டாலோ, துணியில் இழை இழுத்தாலோ ஊசி மழுங்கிவிட்டது என்று பொருள். சில ரூபாய் ஊசிக்காக நூற்றுக்கணக்கான ரூபாய்த் துணியைப் பணயம் வைக்க வேண்டாம்.

துணியில் சேர்வதற்கு முன் நூலின் ஒவ்வோர் அங்குலமும் ஊசிக் காதில் பல முறை முன்னும் பின்னும் ஓடுகிறது. ஆகவே முடிச்சும் பிசிறுமான மலிவு நூல் அறுந்துகொண்டே இருக்கும். நூலைச் சற்று நீட்டி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரே சீராக இருப்பதை வாங்குங்கள். துணியின் நிறம் சரியாகக் கிடைக்காவிட்டால் ஒரு சாயல் அடர்த்தியான நூலைத் தேர்ந்தெடுக்கவும். வெளிர் நிறம் தையலில் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும்.

தையலின் நீளம் சாதாரண உடுப்புக்கு 2 முதல் 2.5 மில்லிமீட்டர். அதாவது ஓர் அங்குலத்துக்குப் பத்து முதல் பன்னிரண்டு தையல். மெல்லிய துணிக்கு இன்னும் சற்று நெருக்கமாகவும், கனத்த துணிக்கு எட்டுத் தையலாகவும் வைக்கலாம்.

3. கோளாறும் நிவாரணமும்

ரயில்வேயில் கோளாறு என்றால் யூகித்துத் திருகுவதில்லை. முதலில் சோதனை, பிறகுதான் சரிசெய்தல். மிஷினுக்கும் அதே முறைதான். மேலே சிவப்பு நூல், கீழே வெள்ளை நூல் போட்டு, இரண்டு மடிப்புத் துண்டுத் துணியில் ஒரு சாண் தைத்துப் பாருங்கள்.

மேற்புறத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் மேல் நூல் அதிக இறுக்கம். மேல் டென்ஷன் திருகைச் சற்றுத் தளர்த்துங்கள். அடிப்புறத்தில் சிவப்பு நூல் தெரிந்தால் மேல் நூல் தளர்வு; சற்று இறுக்குங்கள். அடியில் சிவப்பு நூல் கொத்துக் கொத்தாகக் குருவிக்கூடு கட்டினால், பெரும்பாலும் மேல் நூல் டென்ஷன் தட்டுகளுக்கிடையே சரியாக உட்காரவில்லை. பாதத்தை உயர்த்தி வைத்துக்கொண்டு முதலிலிருந்து மறுபடி கோர்க்கவும். பாதம் இறங்கியிருந்தால் தட்டுகள் மூடிக்கொண்டு நூலை உள்ளே விடா. கூடு அடியில் கட்டுவதால் பாபினைக் குற்றம் சொல்வது பலரின் வழக்கம். குற்றவாளி மாடியில் இருக்கிறான்.

பாபின் டென்ஷனைச் சோதிக்க, நூலைப் பிடித்துப் பாபின் கேஸைத் தொங்கவிடுங்கள். தன் எடையால் தானே கீழே ஓடக்கூடாது. மெல்லச் சுண்டினால் ஓரிரு அங்குலம் இறங்க வேண்டும். அந்தச் சிறு திருகைத் திருப்ப நேர்ந்தால் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். கீழ் டென்ஷனை ஒருமுறை சரியாக வைத்துவிட்டால், பிறகு மேல் திருகை மட்டுமே தொட வேண்டும்.

தையல் இடையிடையே தவறினால் ஊசியை மாற்றுங்கள். நூல் அறுந்தால் வரிசையாகப் பார்க்க வேண்டியவை: கோர்த்த முறை, ஊசி, நூலின் தரம், டென்ஷன், கடைசியாக ஊசித் தகட்டின் துளையில் சொரசொரப்பு. துணி சுருங்கிச் சுருங்கி வந்தால் டென்ஷனைக் குறைத்து, மெல்லிய ஊசி போடவும். ஆரம்பிக்கும்போது இரண்டு நூல் முனைகளையும் நான்கு அங்குலம் வெளியே எடுத்துப் பாதத்தின் பின்புறம் பிடித்துக்கொண்டால் தொடக்கச் சிக்கல் வராது.

4. எண்ணெயும் மழைக்காலமும்

மிஷினுக்கு மிஷின் எண்ணெய் மட்டுமே ஊற்ற வேண்டும். தேங்காய் எண்ணெய் சுமார் 24, 25 டிகிரியில் உறையும் தன்மையுடையது. நம் சென்னையிலேயே மார்கழிக் காலையில் அது உறைகிறது; தேஹு ரோடு டிசம்பர் குளிரில் கேட்கவா வேண்டும்! சமையல் எண்ணெய் நாளடைவில் பிசின் போல் ஒட்டிக்கொள்ளும். பழைய மிஷின் கனமாகச் சுற்றினால், ஒவ்வொரு எண்ணெய்த் துளையிலும் இரண்டு சொட்டு விட்டு, நூல் இல்லாமல் பாதத்தை உயர்த்திச் சில நிமிடங்கள் ஓட்டுங்கள். அழுக்கு கரைந்து வரும்; துடைத்துவிட்டு மறுபடி ஒரு சொட்டு விடவும். பிறகு துண்டுத் துணியில் தைத்து எண்ணெய்க் கறை வரவில்லை என்று உறுதி செய்துகொண்டே நல்ல துணியைத் தொடவும்.

வண்டிகளுக்குத் தினசரிப் பார்வை, மாதப் பார்வை, பெரிய பழுதுபார்ப்பு என்று அட்டவணை உண்டு. மிஷினுக்கும் வைத்துக்கொள்ளலாம். தைத்து முடித்த ஒவ்வொரு நாளும் பற்களுக்கிடையே சேர்ந்த பஞ்சைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுக்கவும். வாரம் ஒருமுறை எண்ணெய். வருடம் ஒருமுறை ஷட்டிலைக் கழற்றிச் சுத்தம்.

லோனாவளாப் பக்கத்து மலைக் காற்றால் நமக்கு மழைக்கால ஈரம் அதிகம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தைக்காவிட்டாலும் வாரம் ஒருமுறை மிஷினைச் சுற்றிவிடுங்கள். ஊசித் தகடு, பாதம், ஷட்டில் ஆகியவற்றில் எண்ணெய்த் துணியால் ஒரு தடவு தடவுங்கள். பாதத்தின் அடியில் ஒரு துண்டுத் துணியை வைத்து இறக்கி மூடவும். தோல் பெல்ட் தளர்ந்து வழுக்கினால் அரை அங்குலம் வெட்டி மறுபடி கொக்கி மாட்டினால் போதும். மோட்டார் பொருத்தியவர்கள் ஊசி மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடவும். கால்மிதி மிஷினில் பெடலிலிருந்து காலை எடுத்துவிடவும். விரல் மேல் ஊசி இறங்க ஒரு கணம் போதும்.

5. துணிக்கும் இடைவெளி உண்டு

தண்டவாளங்களுக்கிடையே இடைவெளி விடுவது ஏன் என்று குழந்தைகள் கேட்பதுண்டு. 13 மீட்டர் நீளத் தண்டவாளம் 40 டிகிரி வெப்ப மாற்றத்தில் சுமார் 6 மில்லிமீட்டர் நீளும். அதை எதிர்பார்த்து இடம் விடுகிறோம். பருத்தித் துணி இதற்கு நேர்மாறாகச் சுருங்கும். அதையும் எதிர்பார்க்க வேண்டும்.

புதுத் துணியின் ஓரத்தில் 20 அங்குலத்தைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். 19 அங்குலம் வந்தால் நூற்றுக்கு ஐந்து பங்கு சுருக்கம். 40 அங்குல உடுப்பில் இது 2 அங்குலம் ஆகிவிடும். நனைக்காமல் தைத்த சட்டை முதல் சலவையிலேயே தம்பிக்குப் போவது இதனால்தான். சாயம் போகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

ரவிக்கையின் லைனிங் துணியையும், புடவை ஃபால்ஸையும் இப்படியே நனைத்துக் காயவைக்க வேண்டும். நனைக்காத பருத்தி ஃபால்ஸைத் தைத்தால், அது சுருங்கும்போது புடவையின் கரையையும் சேர்த்துச் சுருட்டிவிடும். பட்டை மட்டும் தண்ணீரில் போட வேண்டாம்.

துணியில் நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. முரட்டுக் கரை எப்போதும் பாவுக்கு இணையாக இருக்கும். சட்டை, கால்சட்டைத் துண்டுகளைப் பாவு மேலிருந்து கீழாக வரும்படி வெட்டினால் தொங்கல் நேராக விழும். ஊடை ஓரத்தை மடித்து முரட்டுக் கரையோடு சேர்த்தால் வரும் மடிப்புக் கோடு 45 டிகிரி. அதுதான் கிராஸ். அந்தத் திசையில் துணி ரப்பர் போல நீளும். ஆகவே கழுத்து வளைவுக்குப் பட்டி வெட்ட அதுவே ஏற்றது. நேர்த் துண்டைக் கழுத்தில் வைத்தால் சுருக்கம் விழும்.

6. அளவும் கணக்கும்: ஒரு பாவாடை

கடையில் மீட்டர், டேப்பில் இஞ்ச் என்று இரண்டு கணக்கு ஓடுகிறது. ஒரு மீட்டர் 39.37 அங்குலம். எல்லாவற்றையும் அங்குலத்தில் கணக்கிட்டு, கடைசியில் மட்டும் மீட்டருக்கு மாற்றுங்கள்.

எட்டு, ஒன்பது வயதுப் பெண்ணுக்குப் பாவாடை என்று வைத்துக்கொள்வோம். இடுப்பு 22, முழு உயரம் 28 அங்குலம். இதில் இடுப்புப் பட்டி 2 அங்குலம். ஆகவே கீழ்ப்பகுதி 26.

இத்துடன் பட்டியில் சேர்க்க அரை அங்குலம், அடி மடிப்புக்கு 2 அங்குலம் சேர்க்கவும். இனிமேல்தான் முக்கியமான விஷயம். பிள்ளை வளரும். ஓர் அங்குல ஆழத்தில் இரண்டு டக் பிடித்து வையுங்கள். ஒவ்வொரு டக்கும் 2 அங்குலம் துணியை விழுங்கும், இரண்டுக்கும் 4. ஆக 26 + ½ + 2 + 4 = 32½ அங்குலம். அடுத்த வருடம் ஒரு டக்கைப் பிரித்தால் 2 அங்குலம் இறங்கும், அதற்கடுத்த வருடம் இன்னும் 2. ஒரு பாவாடை மூன்று பொங்கல் காணும். டக்கை மட்டும் நீளமான தையலாகப் போட்டால் பிரிப்பது எளிது.

சுற்றளவுக்கு இடுப்பைப் போல் மூன்று மடங்கு இருந்தால் கொசுவம் நிறைவாக விழும். 36 அங்குல அகலத் துணியில் இரண்டு துண்டுகள் 72. இரண்டு பக்கத் தையலுக்கும் தலா ஓர் அங்குலம் போக 70. பட்டியின் நீளம் இடுப்பு 22-உடன் மேல் படியும் பகுதி 2, ஆக 24. மிச்சம் 70 − 24 = 46 அங்குலத்தைக் கொசுவத்துக்குள் மறைக்க வேண்டும். ஓர் அங்குலக் கொசுவம் ஒவ்வொன்றும் 2 அங்குலத்தை மறைக்கும். 46-ஐ 2-ஆல் வகுத்தால் 23 கொசுவம். ஒவ்வொன்றும் வெளியே ஓர் அங்குலம் தெரிய 23 அங்குலம் ஆகும். மீதி ஓர் அங்குலம் மேல் படியும் இடத்தில் சமமாக நிற்கும். கணக்குச் சரியாக முடிந்தால் கொசுவமும் சரியாக முடியும்.

மொத்தத் துணி: இரண்டு 32½ சேர்ந்து 65. பட்டிக்கு இரண்டாக மடிக்க 4-உம் தையலுக்கு ஒன்றுமாக 5 அங்குல அகலம். ஆக 70 அங்குலம். சுருக்கம் நூற்றுக்கு ஐந்து என்றால் 70-ஐ 0.95-ஆல் வகுக்க ஏறத்தாழ 74 அங்குலம், அதாவது 1.88 மீட்டர். இரண்டு மீட்டர் வாங்கினால் தாராளம். சின்னக் குழந்தைகளுக்கு இடுப்பில் பாவாடை நிற்காது. பட்டிக்குப் பதிலாகக் கையில்லாத உள் பாடி ஒன்று வைத்துத் தைக்கவும்.

இந்தக் கணக்கைப் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள். பள்ளிப் பாடத்துப் பின்னமும் சதவீதமும் எதற்கு உதவும் என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல விடை கிடைக்காது.

7. ரவிக்கை, சட்டை: சில குறிப்புகள்

ரவிக்கைக்குப் புது அளவு எடுப்பதைவிட, சரியாகப் பொருந்திய பழைய ரவிக்கை ஒன்றைப் பிரித்து, இஸ்திரி போட்டு, செய்தித்தாளில் வைத்து வரைந்துகொள்வது சுலபம். முன், பின், கை, பட்டி என்று பெயரும் தேதியும் எழுதி ஒரு உறையில் போட்டு வையுங்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு உறை.

பக்கத் தையலில் உள்ளே ஒன்று முதல் ஒன்றரை அங்குலம் துணி விடவும். உடம்பு கூடினால் பிரித்து விட இது உதவும். கழுத்தை எப்போதும் சிறிதாக வெட்டுங்கள். பட்டி வைத்துத் திருப்பும்போது ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் போகும். 5 அங்குலம் வெட்டிய கழுத்து 5½ ஆகிவிடும். சிறிய கழுத்தைப் பெரிதாக்கலாம். பெரிய கழுத்தைச் சிறிதாக்க எந்த இன்ஜினியராலும் முடியாது. பதறாத காரியம் சிதறாது.

வெட்டிய துண்டுகளை உடனே மிஷினில் கொடுக்காமல், கையால் பெரிய பெரிய ஓட்டுத் தையல் போட்டு அணிந்து பார்க்கவும். ஒவ்வொரு தையலையும் முடித்தவுடன் இஸ்திரி போட்டுப் பிரித்துப் படுக்கவைத்த பிறகே அடுத்த தையலுக்குப் போகவும். கடைத் தையலுக்கும் வீட்டுத் தையலுக்கும் தெரியும் வேறுபாட்டில் பெரும்பகுதி இந்த இஸ்திரிதான்.

ஓவர்லாக் மிஷின் இல்லாத வீட்டில் மெல்லிய துணிக்குப் பிரெஞ்சுத் தையல் போடலாம். துணியின் நல்ல பக்கம் இரண்டும் வெளியே இருக்கும்படி வைத்துக் கால் அங்குலத்தில் ஒரு தையல். பிசிறைப் பாதியாகக் கத்தரித்துத் திருப்பி, உள்பக்கத்தில் மறுபடி ஒரு தையல். பிசிறு உள்ளேயே சிறைப்பட்டுவிடும். இதற்கு மொத்தம் அரை அங்குலத்துக்கு மேல் துணி தேவை என்பதை வெட்டும்போதே நினைவில் கொள்க.

காஜாவின் நீளம் பொத்தானின் அகலத்தோடு அதன் கனத்தையும் கூட்டியது. 12 மில்லிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் கனமும் உள்ள பொத்தானுக்கு 15 மில்லிமீட்டர் காஜா. பொத்தான் தைக்கும்போது மேலே ஒரு தீக்குச்சியை வைத்து அதன் மேலாக நூலைப் போட்டு, பிறகு குச்சியை உருவி நூலைப் பொத்தானின் அடியில் நாலு சுற்றுச் சுற்றி முடியுங்கள். பொத்தான் சற்று நிமிர்ந்து நிற்கும். பள்ளியில் பிள்ளைகள் சட்டையைப் பிடித்து இழுத்தாலும் எளிதில் அறாது.

8. அம்மாவின் பட்டு, பெண்ணின் பாவாடை

பழைய பட்டுப் புடவையைப் பாத்திரக்காரருக்குப் போடுமுன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மடிப்புக் கோடுகளில் இற்றிருக்கும். மற்ற இடம் பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும்.

ஐந்தரை மீட்டர் புடவை சுமார் 216 அங்குலம். முந்திக்கு 36 போனால் 180. புடவையின் கரையே பாவாடையின் அடியாக வருவதால் அடி மடிப்பு தேவையில்லை. மேலே போட்ட கணக்கில் 2 அங்குலம் மிச்சம், உயரம் 30½ போதும். சுற்றளவு 70 வீதம் இரண்டு பாவாடைக்கு 140. அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே புடவையில் ஆயிற்று. மீதமுள்ள 40 அங்குலமும், முந்தியும், மேற்பக்கத்தில் மிஞ்சும் நீளத் துண்டும் பட்டிக்கும் சட்டைக்கும் உதவும். இதில் பாவு இடுப்பைச் சுற்றி ஓடும். பாவாடைக்கு அதனால் குறையில்லை.

பட்டில் ஊசித் துளை மறையாது. ஆகவே பிரித்துத் தைக்கும் பேச்சே கூடாது. குண்டூசியையும் தையலுக்குள் மறையும் இடத்திலேயே குத்துங்கள். புது 9 அல்லது 11-ஆம் நம்பர் ஊசி போட்டு, உள்ளே நனைத்துக் காயவைத்த பருத்தி லைனிங் கொடுக்கவும். பாரம் முழுவதையும் லைனிங் தாங்கிக்கொள்ளும்.

இதில் பணம் மிச்சமாவது இரண்டாம் பட்சம். பாட்டி காஞ்சிபுரத்திலோ ஆரணியிலோ எடுத்த புடவையை இங்கு பிறந்து மராத்தியும் இந்தியும் பேசி வளரும் பேத்தி உடுத்தி நிற்கும்போது, ஊர் என்ற சொல்லுக்குக் குழந்தைக்கு ஒரு பொருள் கிடைக்கிறது.

9. பயிற்சி வரிசை

முதல் வாரம்: நூல் இல்லாமல், கோடு போட்ட நோட்டுத் தாளில் கோட்டின் மேலேயே ஓட்டிப் பழகவும். பழைய ஊசி போதும்; தாள் ஊசியை மழுங்க வைக்கும். நேர்க்கோட்டுக்குப் பிறகு சதுரம், வட்டம். மூலைகளில் ஊசியைத் துணிக்குள் இறக்கிவைத்துவிட்டுப் பாதத்தை உயர்த்தித் திருப்ப வேண்டும்.

இரண்டாம் வாரம்: கடைக்குப் போகும் துணிப்பை. ஊசித் தகட்டில் ஊசியிலிருந்து அரை அங்குலம் தள்ளி ஒரு ஒட்டும் டேப்பை ஒட்டிக்கொண்டு, துணியின் ஓரம் அதை விட்டு விலகாமல் ஓட்டுங்கள். கண் ஊசியின் மேல் அல்ல, டேப்பின் மேல் இருக்கட்டும். தண்டவாளம் நேராக இருந்தால் வண்டி நேராகப் போகும்.

மூன்றாம் வாரம்: தலையணை உறை. 27க்கு 17 அங்குலத் தலையணைக்கு, நீளம் இரண்டு 27 சேர்ந்து 54, உள்ளே மடியும் நாக்குக்கு 6, இரு ஓர மடிப்புக்கு 2, ஆக 62 அங்குலம். அகலம் தையலுடன் 18.

பிறகு உள்பாவாடை, அதன்பின் பாவாடை, சீருடை, கடைசியில் ரவிக்கை. எடுத்தவுடன் ரவிக்கையில் கை வைத்து மனம் உடைந்தவர்களே மிஷினுக்குப் பூத்துணி போர்த்தியவர்கள்.

நூல், ஊசி, கொக்கி, பொத்தான், ஃபால்ஸ் போன்ற சாமான்களுக்குப் புனேயின் துளசி பாக் நல்ல இடம். லோக்கல் வண்டியில் சிவாஜி நகரில் இறங்கினால் அங்கு போய்ச் சேரலாம். துணித் துண்டை மறவாமல் கையோடு எடுத்துச் சென்று நிறம் சேர்த்து வாங்குங்கள்.

நிறைவாக ஒரு வார்த்தை. 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது கடைகளில் முகக்கவசம் கிடைக்காத நிலையில், வீட்டிலேயே பருத்தித் துணியில் கவசம் தைத்துக்கொள்ளும் முறையை மத்திய அரசின் அறிவியல் ஆலோசகர் அலுவலகமே கையேடாக வெளியிட்டது. மூடிக் கிடந்த எத்தனையோ மிஷின்கள் அன்று திறந்தன. 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பி.எம். விஸ்வகர்மா திட்டத்திலும் கைத்தொழில்களின் வரிசையில் தையல் இடம் பெற்றது. வேலைக்குப் போகும் கணவருக்கு உடல்நலம் குன்றினாலோ, தொழிற்சாலை ஆள் குறைத்தாலோ, ஃபால்ஸ் அடித்தும் பாவாடை தைத்தும் குடும்பத்தை நிமிர்த்திய பெண்மணிகளை நம் காலனிகளில் நாம் எல்லோரும் அறிவோம். தேவை வந்தபின் கற்பது கடினம். ஆகவே இப்போதே கற்று வைப்போம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். மிஷின் மேலுள்ள சாமான்களை இறக்கி, தூசி துடைத்து, எண்ணெய் விட்டு, மேலே சிவப்பும் கீழே வெள்ளையுமாக ஒரு சாண் தைத்துப் பாருங்கள். மகனையும் மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். மற்றதை மிஷினே சொல்லிக்கொடுக்கும்.